ஒரே தொழிலை நம்பிய ஊர் நொடித்துப்போனால் மறுபடி எழ முடியுமா?

உங்கள் ஊரிலும் மில்லையோ பட்டறையையோ மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். முடியும். நான் திருப்பூர்க்காரன்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது தப்பில்லையா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தப்புதான். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழானவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு அடி வாங்கியது சாயத் தண்ணீர் விட்டவர்கள் மட்டுமல்ல.

எங்களுக்கு எட்டு தையல் மிஷின் போட்ட சின்ன ஜாப் ஒர்க் யூனிட், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. ஏற்கெனவே நூல் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. துணியைச் சாயம் போட லூதியானா, அகமதாபாத் வரை அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்குள் ஷிப்மெண்ட் தேதி தாண்டிவிடும். சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதற்காக அப்பா இரண்டு ஓவர்லாக் மிஷினை விற்றார். வாங்கியவர் டெம்போவோடு வாசலில் நிற்கிறார். அப்பா பனியன் வேஸ்ட்டை வைத்து மிஷினில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போதுமுங்க, எடுத்துக்கறோம்" என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை.

அப்புறம் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், தைத்துக் கொடுத்ததற்கு 38,000 ரூபாய் பாக்கி. நெருக்கடி என்று கையை விரித்தார்கள். அதே மாதம் அவர்கள் வாசலில் புதுக் கார் நின்றது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

பல பட்டறைகளின் சாயக் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அரசுதானே தூக்கிவிட்டது, ஊர் என்ன செய்தது என்பார்கள். கழிவுநீரை ஆர்.ஓ. என்கிற சவ்வு வடிகட்டியில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிற வேலையை ராப்பகலாக ஓட்டிக் காட்டியது ஊர்க்காரர்கள்தான். அதற்கு ஆகும் செலவைச் சாயக்கூலியில் சேர்த்துத் தாங்கியதும் அவர்கள்தான். சின்னப் பட்டறைகள் பல கடைசிவரை திறக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2024-25இல் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது.

உள்ளூரிலேயே சாயம் போட்ட முதல் லாட் எங்களுக்கு வந்தபோது அடர் நீலம். அப்பா ஒரு ஓரத்தை நனைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் கொஞ்சமும் ஒட்டவில்லை. "கட்டிங்குக்குப் போடு கண்ணு" என்றார்.