மொட்டைமாடியில் தங்கம் பிரிக்கலாமா? குடியாத்தம் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, பிளஸ் டூ முடித்த மகன் பழைய கம்ப்யூட்டர் சிப்புகளை ஆசிட்டில் போட்டுத் தங்கம் பிரிக்கப் போவதாகச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம். ஆனால் ஆசையை அடக்காதீர்கள், அதற்கென்றே படிப்பு இருக்கிறது.

முதலில் அவனோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 1995-இல் வந்த பென்டியம் புரோ செராமிக் சிப்பில் ஏறத்தாழ 0.3 கிராம் தங்கம் உண்டு. ராம் கார்டு விளிம்பில் மின்னும் பூச்சோ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இராது. வாங்கும் சரக்கில் எவ்வளவு தங்கம் என்று முன்கூட்டியே அளக்கத் தெரிந்தவருக்குத்தான் இதில் லாபம்.

வேலையும் லேசானதல்ல. செம்பையும் நிக்கலையும் முதலில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அகற்றாவிட்டால், ராஜ திராவகத்தில் (நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த அமிலம்) கரைந்த தங்கம் மிச்சச் செம்பின் மேலேயே திரும்பப் படியும். ஈயப்பற்றிலுள்ள வெள்ளீயம் வெள்ளைக் கூழாகி வடிதாளை அடைக்கும். சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுத் தங்கத்தைப் பழுப்புப் பொடியாக இறக்கும்போது நைட்ரிக் மீதமிருந்தால், இறங்கியது மறுபடி கரையும். சல்ஃபாமிக் அமிலத்தால் முன்பே அதை முறித்திருக்க வேண்டும். பிறகு ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். ஊதா நிறம் வந்தால் தங்கம் இன்னும் கரைசலில்தான் இருக்கிறது.

நைட்ரிக் கிளப்பும் பழுப்புப் புகைதான் பெரிய பயம். சுவாசித்தபோது ஒன்றுமில்லாதது போலிருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. மிஞ்சும் ஆசிட்டில் செம்பு, நிக்கல், ஈயம் எல்லாம் இருக்கும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நம் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

படிப்புக்கு வருவோம். பொறியியல் கலந்தாய்வில் சேலம் அரசு பொறியியல் கல்லூரியின் உலோகவியலை முதலில் போடச் சொல்லுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பி.டெக். வேதி-மின்வேதிப் பொறியியலும் இதே துறைக்குப் பொருந்தும். வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றால் வேலூர் வி.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் இருக்கிறது. அதற்கு நுழைவுத்தேர்வு தனி, கட்டணமும் கூடுதல். கணிதத்தில் மதிப்பெண் குறைவென்றால் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி.யில் பகுப்பாய்வு வேதியியல். ஹால்மார்க் மையங்களில் தங்கத்தின் மாற்று பார்க்கும் வேலைக்கு அந்த வழியும் உதவும்.

ஏற்கெனவே ஆசிட் கலந்து வைத்திருந்தால் பாட்டிலை இறுக மூடவிடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட்டு, அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையில் கேளுங்கள்.