வேலையில்லாத மாதங்களில் பாய்லர் மாற்றுவது: வீட்டுக் கணக்கு பற்றிய கேள்வி பதில்

வேலையை இழந்து அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் நின்றுபோனவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பல ஆண்டுகள் வீட்டு வரவு செலவு ஆலோசனை சொல்லி வந்தவன் நான். ஒரு குளிர்காலத்தில் இதே நிலையில் நின்றவனும்கூட.

கேள்வி: ஐயா, வேலை போய் மூன்று வாரமாகிறது. பதினான்கு ஆண்டு பழைய பாய்லர் நேற்று முற்றிலும் நின்றுவிட்டது. சேமிப்பிலிருந்து முழுத் தொகையையும் கட்டிவிடலாமா, தவணையில் வாங்கலாமா? கடன் என்றாலே எனக்கு அச்சம்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் வருமானம் நின்றிருக்கும் காலத்தில் பணத்தைத் தொகையாக எண்ணாமல் மாதங்களாக எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள சேமிப்பை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வாடகை அல்லது வீட்டுக்கடன், உணவு, மின்சாரம், காப்பீடு, பிள்ளைகளின் செலவு என்று தவிர்க்கவே முடியாதவை மாதம் 12 பங்கு ஆகின்றன. பாய்லரின் விலை 30 பங்கு. பாய்லர் செலவே இல்லையென்றால் உங்களால் எட்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்க முடியும். முழுத் தொகையையும் இன்றே கட்டினால் மீதம் 70. அது ஆறு மாதத்துக்குக்கூட எட்டாது. மாதம் 1 பங்கு வீதம் 36 மாதத் தவணை என்றால், மாதச் செலவு 13 ஆகி, ஏழரை மாதத்துக்கு மேல் ஓடும். வட்டியாக நீங்கள் கூடுதலாகத் தருவது 6 பங்கு, அதாவது அரை மாதச் செலவு. அதற்கு ஈடாகக் கிடைப்பது, வேலை தேட ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம்.

நான் அன்று கடனுக்கு அஞ்சி முழுப் பணத்தையும் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டேன். ஐந்தாம் மாதம் கையிருப்பு கரைந்தபோது, விரும்பாத ஒரு வேலையைக் குறைந்த சம்பளத்துக்கு ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து வெளிவர மூன்று ஆண்டுகள் ஆயின. மிச்சப்படுத்திய வட்டியைவிட நான் இழந்த சம்பளம் பல மடங்கு.

ஆனால் இந்தக் கணக்கு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. தவணைத் தொகை முழுக் காலத்துக்கும் மாறாததாக இருக்க வேண்டும். வேலை கிடைத்ததும் அபராதமின்றி முன்கூட்டியே அடைக்க வழி இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் வேலை பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பொய் சொல்லி வாங்கிய கடன் பின்னர் வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். "முதல் ஆண்டு வட்டி இல்லை" என்ற விளம்பரத்தைக் கண்டால், அந்த ஆண்டுக்குள் அடைக்க முடியாதபோது முதல் நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே தொகையைக் கிரெடிட் கார்டில் போட்டு, மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் என்ன?

பதில்: வேண்டாம். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 2 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 3 விழுக்காடு எனில், அதில் மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்கே போய்விடும். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமலிருந்தாலும் அந்தக் கடன் பாதியாகக் குறைய 5 ஆண்டுகளுக்கு மேலாகும்.

கேள்வி: பழுது பார்ப்பவர் "மாற்றிவிடுங்கள்" என்கிறார். உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எந்த உறுப்பு பழுதாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பம்பு, மின்விசிறி, வால்வு, பற்றவைக்கும் மின்முனை ஆகியவை தனியாக மாற்றக்கூடியவை. அவற்றுக்காக முழு பாய்லரையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. சுடரின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டிருந்தாலோ, உதிரி பாகங்கள் தயாரிப்பதையே நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தாலோ, மாற்றுவதுதான் சரி. பாய்லரின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். ஆகவே வேலையில் இருப்பவருக்கு, பதினான்காம் ஆண்டில் பெரிய பழுது வந்தால், மாற்றச் சொல்வேன். வேலை தேடுபவருக்கோ, புதிய பாய்லரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடியும் பழுதுபார்ப்பு இந்தக் குளிர்காலத்தைக் கடத்திவிடும் என்றால், அதையே செய்யச் சொல்வேன். நீண்ட காலக் கணக்கில் அது சிறந்த முடிவாக இல்லாமலிருக்கலாம். ஆனாலும் உங்களுக்கு இப்போது தேவை அடுத்த ஆறு மாதம்.

யாரையும் அழைப்பதற்கு முன் சிலவற்றை நீங்களே பார்த்துவிடலாம். அழுத்தமானியின் முள், நீர் குளிர்ந்திருக்கும்போது, பெரும்பாலான வீட்டு பாய்லர்களில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும்; அதற்கு மிகவும் கீழே இறங்கியிருந்தால் பாய்லர் தானாகவே நின்றுவிடும், கையேட்டில் சொல்லியபடி நீர் ஏற்றினாலே பெரும்பாலும் மீண்டும் ஓடும். கடுங்குளிரில், பாய்லரிலிருந்து வெளிச்சுவரில் செல்லும் கழிவுநீர்க் குழாய் உறைந்து அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நிகழ்வது. அதன்மேல் கொதிக்காத வெந்நீரை ஊற்றினால் உருகிவிடும். அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்ததற்காகவே ஆள் வரவழைத்துக் கூலி கொடுத்தவர்களும் உண்டு.

கேள்வி: சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது. மாலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிவிடுகிறது. மாதக் கடைசி வரை பொறுக்கலாமா?

பதில்: ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பரவியிருக்கலாம் என்பதற்கு இவை முக்கியமான அறிகுறிகள். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பாய்லரை நிறுத்துங்கள், சன்னல்களைத் திறங்கள், எல்லோரும் வெளியேறுங்கள், மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லுங்கள், எரிவாயு அவசர உதவியை அழையுங்கள். உரிமம் பெற்றவர் சோதித்துச் சொல்லும் வரை அதை மீண்டும் இயக்க வேண்டாம். இந்தப் பகுதியில் நான் சொல்லும் சிக்கனம் எதுவும் இதற்குப் பொருந்தாது.

கேள்வி: புதிய பாய்லர் வரும்வரை மின்சார ஹீட்டரில் காலம் தள்ளுகிறோம். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர்தான் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறார்களே?

பதில்: எந்த வகையானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும்; விசிறி ஹீட்டர் உடனே சூடேற்றி உடனே ஆறிவிடும். வேறுபாடு அவ்வளவே. 2 கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 10 யூனிட் என்பதை நினைவில் வைத்து, எல்லோரும் ஓர் அறையில் இருந்து, கதவை மூடி, அந்த அறையை மட்டும் சூடாக்குங்கள். ஹீட்டரை நீட்டிப்பு வயரில் மாட்டாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். வயர் சூடாகித் தீப்பிடித்த வீடுகள் பல.

கேள்வி: மூன்று பேரிடம் விலை கேட்டோம். மூன்றும் வெவ்வேறு. பெரிய பாய்லராகப் போட்டால் சீக்கிரம் சூடாகும் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: தேவைக்கு மேல் பெரிய பாய்லர் அடிக்கடி எரிந்து அணைந்து, எரிபொருளையும் தன் ஆயுளையும் வீணாக்கும். ஒவ்வோர் அறையின் வெப்ப இழப்பையும் கணக்கிட்டுத்தான் திறனைச் சொன்னாரா என்று கேளுங்கள். பழைய குழாய்களில் படிந்த கசடைக் கழுவி எடுப்பது அந்த விலையில் அடங்குமா என்பதும் முக்கியம். கழுவாமல் பொருத்தினால் உத்தரவாதத்தையே மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. மலிவான விலைப்பட்டியலில் பல நேரம் இந்த வேலைதான் விடுபட்டிருக்கும்.

பொருத்திய பிறகு, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் வகை பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலையைக் குறைத்துப் பாருங்கள். திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த மீட்பு நடக்கும். பொருத்துபவர்கள் பலர், ரேடியேட்டருக்குப் போகும் நீரை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் வீடு மெதுவாகச் சூடாகும், எரிபொருள் செலவும் குறையும். வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடாக இருந்தால், தொட்டியின் வெப்பநிலையை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகக்கூடும்.

கேள்வி: செலவைக் குறைக்க இணைய இணைப்பை நிறுத்திவிட எண்ணுகிறேன்.

பதில்: இணையமும் தொலைபேசியும் நேர்காணலுக்குப் போய்வரும் செலவும் உங்கள் வேலை தேடலுக்கான மூலதனம். பொழுதுபோக்குச் சந்தாக்களை நிறுத்துங்கள், இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் வேலை உறுதி என்று சொல்லி, பயிற்சிக்கு முன்பணம் கேட்கிறது.

பதில்: கட்டாதீர்கள். வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

கேள்வி: பாய்லர் கடனும் சேர்ந்துவிட்டது. முந்தைய சம்பளத்தில் முக்கால் பங்கு தரும் வேலை ஒன்று வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளவா? மனைவியிடம் இன்னும் கையிருப்பு நிலவரத்தைச் சொல்லவில்லை.

பதில்: முதலில் அவரிடம் சொல்லுங்கள், இன்றிரவே கணக்கை முழுதாக எடுத்துவைத்துச் சொல்லுங்கள். எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. மூன்று மாதத்துக்கு மேல் கையிருப்பு இருந்து, வேறு இடங்களில் நேர்காணல் நடந்துகொண்டிருந்தால், பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். சம்பளத்தையும் பேசிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் ஏற்றுக்கொண்டு, வேலையில் இருந்தபடியே தேடுங்கள். அந்தச் சம்பளம் தவிர்க்க முடியாத செலவையும் தவணையையும் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தாங்காவிட்டால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசி, தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள்.