பேக்கிங் மாற்றியும் மேனிபோல்ட் ஊதுகிறது

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். 1998-ல் வாங்கிய மாஸி 1035 டிராக்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் 'டப் டப்' என்று சத்தம். சூடேறினால் பாதி குறைகிறது. இன்ஜின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டின் பின்கோடியில் கரி அப்பியிருக்கிறது. அங்கே அதை இன்ஜின் ஹெட்டோடு பிடிக்கும் ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்து ஹெட்டுக்குள் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றியும் பத்து நாளில் மறுபடி புகை ஊதுகிறது. மெக்கானிக் 'டேப்பட் சத்தம்தான், ஓட்டுங்க' என்கிறார். சம்பா உழவுக்குள் சரியாகுமா?

பதில்: டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) தட்டினால் கரி பிடிக்காது. சந்தேகம் தீர, பம்புசெட் ஹோஸில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஃபேனில் படாமல் மேனிபோல்ட் ஓரமாக நகர்த்துங்கள். ஊதும் இடத்தில் சத்தம் காதில் அறையும். குளிர்ந்த இன்ஜினில் செய்ய வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும்.

பேக்கிங்மேல் பழி போடாதீர்கள். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் அது 90 டிகிரியைச் சுற்றியே நிற்கும். மேனிபோல்ட் அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஒன்றரை அடி வார்ப்பிரும்பு 300 டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். அந்த இழுப்பை அதிகம் வாங்குவது கோடியில் உள்ள ஸ்டட். அது போனதும் அந்த முனை தூக்கிக்கொண்டு கோணிவிடும். கோணிய முகத்தில் எத்தனை பேக்கிங் வைத்தாலும் பத்து நாள்தான்.

முதலில் ஸ்டட். நுனி கொஞ்சமாவது வெளியே தெரிந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்துளை வழியாக வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். பேட்டரி கேபிளையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டு, டீசல் பைப்புகளை ஈரச்சாக்கால் மூடியபிறகுதான் வெல்டிங் ராடைத் தொட வேண்டும். சிவப்பு அடங்கியதும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு ஸ்பேனரால் இறுக்கும் பக்கம் ஒரு நூல், கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் மறுபடி முறியும். ஸ்டட் உள்ளுக்குள் முறிந்திருந்தால் துளைபோட்டு எடுப்பது லேத் பட்டறைக்காரர் வேலை. ஸ்டட்டின் நீளத்தைத் தாண்டி டிரில் இறங்கினால் தண்ணீர் அறை வரை போய்விடலாம்.

அடுத்தது மேனிபோல்டின் முகம். பழைய பேக்கிங்கைச் சுரண்டிவிட்டு அதன் மூன்று வாய்க்கும் குறுக்கே நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து, டேப்பட்டுக்கு வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அடியில் விடுங்கள். கால் மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் பேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) போட்டே ஆக வேண்டும். மூன்று வாயையும் ஒரே பிடியில் போடச் சொல்லுங்கள். கை கிரைண்டரால் தேய்த்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு மேட்டைக் குறைக்கப்போய் இரண்டு பள்ளம் வரும்.

பேசிங்குக்கு முன் விரிசலும் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சாக்பீஸைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு எழும். அதை வெல்டிங் வைக்கலாம்தான். ஆனால் முன்கூட்டிச் சூடேற்றி, பிறகு சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிடும் பொறுமை நம் பட்டறைகளில் அரிது. வேறு மேனிபோல்ட் வாங்குவதே என் யோசனை.

பூட்டும்போது பேக்கிங்கை உலர்வாக வையுங்கள். சிலிக்கான் பசை இந்தச் சூட்டில் கருகிவிடும். நடுவில் தொடங்கி இரு கோடிக்கும் மூன்று தடவையாக இறுக்குங்கள். அரைமணி ஓட்டி, முழுக்க ஆறியதும் ஒரு தடவை, பத்து மணி நேர உழவுக்குப் பின் ஒரு தடவை மறுபடி இறுக்க வேண்டும். உங்கள் டிராக்டரில் சைலன்சர் நிமிர்ந்து நிற்பதாக இருந்தால் கிளாம்பையும் ஆட்டிப் பாருங்கள். லூசாக இருந்தால் வரப்பு ஏறும்போதெல்லாம் அந்த ஆட்டம் ஸ்டட்டில்தான் விழும்.

அதுவரை கதிரடிக்கவோ வைக்கோல் கட்டவோ எடுக்காதீர்கள். ஊதும் இடத்தில் பொறி வந்தால் வைக்கோலுக்கு ஒரு நொடி போதும். மூடிய கொட்டகைக்குள்ளும் ஓடவிட வேண்டாம், அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும்.

பட்டறையில் இடம் கிடைத்தால் இரண்டு நாள் வேலை. உழவு தொடங்கிவிட்டால் அந்த இடம் கிடைக்காது, இந்த வாரமே கழற்றிக்கொண்டு போங்கள்.