கச்சான் காலத்தில் கன்றின் கண்ணில் ஏறும் வெண்மை

கேள்வி: தம்பலகாமத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறேன். கச்சான் காற்றுத் தொடங்கிய பின் மூன்று கன்றுகளுக்குக் கண்ணீர் வடிந்து, கருவிழி வெளுத்து வருகிறது. முன்பு ஒரு கன்றுக்கு இது தானாகவே மாறியது. இப்போது புகையிலைச் சாறும் உப்பும் விடச் சொல்கிறார்கள். விடலாமா?

பதில்: விடவே வேண்டாம். நீங்கள் கூறும் அறிகுறிகள் பெரும்பாலும் மொராக்செல்லா போவிஸ் என்னும் பக்டீரியாவால் வரும் தொற்றுக் கண்நோயையே காட்டுகின்றன. கச்சான் கிளப்பும் புழுதியும் கடும் வெயிலும் விழிவெண்படலத்தின் (கருவிழியின் முன்னுள்ள ஒளிபுகும் படலத்தின்) மேற்தோலைச் சிராய்க்க, ஈக்கள் கொண்டுவரும் கிருமி அங்கே ஒட்டிக்கொண்டு, தன் நஞ்சால் உயிரணுக்களை அழித்துப் புண்ணாக்குகிறது.

முந்திய கன்று தானாகத் தேறியதற்குக் காரணம் உண்டு. ஒளி தடையின்றிச் செல்வதற்காக விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அதன் மேற்தோல் உயிரணுக்களே முதற்காவலர்கள். அவற்றிலுள்ள டோல் வகை வாங்கிகள் என்னும் உணர்புரதங்கள், கிருமிகளுக்கே உரிய மூலக்கூறுகளை இனங்காண்கின்றன. அவற்றுள் நான்காம் வாங்கி, இத்தகைய பக்டீரியாவின் வெளியுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை உணர்ந்தவுடன், விழியோரக் குழாய்களிலிருந்து வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞைகள் வெளிப்படுகின்றன. இந்த வாங்கி இல்லாத சுண்டெலிகளின் கண்ணில், சூடோமோனாஸ் என்னும் வேறொரு பக்டீரியா மிகுதியாகப் பெருகியதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் வந்த வெள்ளணுக்கள் நெடுநாள் தங்கினால், கிருமியைக் கொல்லும் அதே நொதிகள் விழிவெண்படலத்தையும் கரைத்துத் துளைத்துவிடும். தானாக மாறட்டும் என்று காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுவே. உப்பும் புகையிலைச் சாறுமோ எஞ்சியிருக்கும் காவல் உயிரணுக்களையே எரித்துவிடுகின்றன. நல்ல எண்ணத்தோடு இவற்றை விட்டு, கன்றின் பார்வையை இழந்தவர்களின் வருத்தம் பெரிது.

இன்றே கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். கண்புழுவும் இதே போன்ற அறிகுறிகளைத் தருவதால் அவர் கண்ணைத் திறந்து பார்ப்பது அவசியம். பக்டீரியாவே என்றால், நீண்டநேரம் செயற்படும் ஒக்ஸிடெட்ராசைக்கிளின் என்னும் பக்டீரியா எதிர்ப்பு மருந்தின் ஊசி வழமையாகப் பயன்படுகிறது. பால் தரும் பசுவுக்கு அதைப் போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் ஸ்டீரொயிட் கலந்த கண்மருந்தை நீங்களாக விடாதீர்கள். புண் இருக்கையில் அது கிருமிக்கு எதிரான வெள்ளணுக்களின் எதிர்ப்பை அடக்கிவிடும்.

நோயுற்ற கன்றுகளைப் பிரித்து நிழலில் கட்டி, சாணத்தை நாள்தோறும் அகற்றி ஈக்களைக் குறையுங்கள். ஒரு கன்றின் கண்ணைத் துடைத்த துணி மற்றொன்றில் படக் கூடாது. இரு கண்களும் வெளுத்த கன்றுக்குத் தாயின் மடி தெரியாது; வேளை தவறாமல் அதை அணைத்துக் கொண்டுபோய்ப் பால் குடிக்க விடுங்கள்.