பெயின்ட் அடித்த தரையின் மேல் டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தின் முன்பகுதியைப் பல ஆண்டுகள் இருசக்கர வாகனப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். காங்கிரீட் தரைக்கு அவர்கள் சாம்பல் நிற பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுவரோரங்களில் அது செதில் செதிலாக உரிகிறது. நடுப்பகுதியிலோ உளி வைத்தாலும் வர மறுக்கிறது. அந்த இடத்தை வீட்டோடு சேர்த்து, இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ் போட எண்ணுகிறோம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் பெயின்ட் போய்விடும் என்கிறார் கொத்தனார். இப்போது வரும் பசைக்கு அதெல்லாம் தேவையில்லை, அப்படியே ஒட்டலாம் என்கிறார் டைல்ஸ் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடைக்காரரின் யோசனையை முதலில் பார்ப்போம். டைல்ஸ் பசை என்பது பெரும்பாலும் சிமென்ட்தான். அது காங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கே இறுகுவதால்தான் பிடிப்பு உண்டாகிறது. பெயின்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. ஆகவே நீங்கள் எவ்வளவு உயர்ந்த பசையை வாங்கினாலும் டைல்ஸ் ஒட்டியிருப்பது தரையோடு அல்ல, பெயின்டோடு. அந்தப் பெயின்டுக்குத் தரையோடு என்ன பிடிப்பு இருக்கிறதோ அதுதான் உங்கள் டைல்ஸுக்கும் மிஞ்சும். உங்கள் வீட்டிலோ அது சுவரோரங்களில் தானாகவே விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. மண்ணிலிருந்து ஈரம் மேலேறும் இடங்களில், அந்த ஈரமும் சிமென்டின் காரத்தன்மையும் சேர்ந்து எண்ணெய் சார்ந்த பெயின்டைச் சோப்பு போல இளக வைத்துவிடும். அதன் மேல் ஒட்டிய டைல்ஸ் முதல் கோடையிலேயே தட்டினால் 'டொக் டொக்' என்று ஓசை கொடுத்தால் வியப்பதற்கில்லை.

ஆசிட் யோசனை இதைவிட மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைத்தான் தின்னும். பெயின்ட் படலத்தை அது தொடுவதே இல்லை. பெயின்ட் உரிந்துபோன இடத்தில் நல்ல காங்கிரீட்டை அரித்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் வழிந்து ஓடிவிடும். போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரைடு, விரிசல் வழியே இறங்கினால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தரை வேலை என்றாலே ஆசிட் பாட்டிலைத் தேடும் பழக்கம் நம் ஊரில் என்றைக்குத் தொலையுமோ தெரியவில்லை.

அடுத்து, அடித்திருப்பது எந்த வகைப் பெயின்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியை என்.சி. தின்னரில் (பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்து, ஓரிடத்தில் சில நிமிடங்கள் வைத்துத் தேய்க்க வேண்டும். அக்ரிலிக் வகையானால் கரைந்து துணியில் ஏறும். எண்ணெய் சார்ந்த எனாமல் என்றால் மேற்பரப்பு சுருங்கி இளகும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்சியாக இருந்தால் ஏறத்தாழ அப்படியே கிடக்கும். நடுவில் உளிக்கும் அசையவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் அது எபாக்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெயின்ட் நீக்கும் ரசாயனங்களும் கடைகளில் கிடைக்கின்றன. காஸ்டிக் சோடா கலந்தவை எனாமலை இளக்கும். எபாக்சியிடம் அவற்றின் ஜம்பம் பலிக்காது. வேகமாக வேலை செய்யும் டைகுளோரோமீத்தேன் வகையை வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; குனிந்து தரையைச் சுரண்டுபவரின் முகமட்டத்திலேயே தேங்கி நிற்கும். அது ஆளை மயங்க வைப்பதோடு, உடலுக்குள் சென்றபின் ஓரளவு கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது; உயிரிழப்புகளே நேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு இவ்வகைப் பெயின்ட் நீக்கிகளை விற்பதையே தடை செய்தார்கள். மேலும், எந்த ரசாயனமானாலும் அதன் எச்சம் நுண்துளைகளில் தங்கி, புதிய பசையின் பிடிப்பைக் கெடுக்கக்கூடும்.

ஆக, தேய்த்து எடுப்பதே வழி. உரியும் இடங்களை முதலில் பட்டித் தகட்டால் சுரண்டிவிட்டு, மற்ற இடங்களுக்குக் கை கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ண வடிவச் சக்கரம்) மாட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். வீலைச் சுற்றி மூடியும் அதோடு இணைந்த வாக்குவம் குழாயும் இருப்பது அவசியம். கிரைண்டரை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும் வட்டங்களாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் அங்கே கிண்ணம் போலக் குழிந்துவிடும், பிறகு அதை நிரப்புவது தனி வேலை. முதலில் பெயின்டின் நிறத்திலேயே தூள் வரும். அது மாறி வெளிர்ந்த சிமென்ட் தூளும் ஆங்காங்கே மணற்பருக்கையும் தெரியத் தொடங்கியதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடலாம். துளைகளுக்குள் லேசான சாயம் தங்கியிருந்தால் பாதகமில்லை. கொத்துளியால் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கொத்திவிட்டால் போதும் என்று கொத்தனார் சொல்லக்கூடும். கொத்திய புள்ளிகளுக்கு இடையில் பெயின்ட் அப்படியே இருப்பதால் அது அரைகுறை வேலைதான்.

இடம் பெரிதாக இருந்தால் மொசைக் பாலிஷ் போடுபவரை அழைக்கலாம். அவருடைய இயந்திரம் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி பறக்காது. ஆனால் அவரிடம் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: கரடுமுரடான கல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வழக்கமான பாலிஷ் வரை போனால் நாம் திறந்த துளைகளை அவரே மூடிவிடுவார்; அடுத்தது, தேய்க்கும்போது வரும் சேற்றை, காய்வதற்குள் வழித்து அள்ளி, தரையைக் கழுவிவிட வேண்டும், இல்லையேல் அதுவே ஒரு படலமாக உறைந்து பெயின்ட் செய்த அதே கெடுதலைச் செய்யும். அந்தச் சேற்றைச் சாக்கடையில் விடாமல் உலரவிட்டுச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். காங்கிரீட் மணலில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, ஆறாத நோயாகிய சிலிக்கோசிஸை உண்டாக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது, குறைந்தது என்-95 முகக்கவசமாவது வேண்டும். பெயின்ட் பழையதாயின் ஈயமும் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்கூடப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வரவும் இல்லை. பட்டறையில் அடித்தது எது என்று இன்று அறிய வழியில்லாதபோது, கை கிரைண்டரைவிட மொசைக் இயந்திரத்தால் தண்ணீர் விட்டே தேய்ப்பதும், வீட்டுப் பக்கக் கதவை பாலித்தீன் தாளால் மறைப்பதும், வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதிருப்பதும் நல்லது. கேஸ் தீப்பந்தத்தால் சுட்டு உரிக்கும் வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். ஈயப் புகையும் வரும், காங்கிரீட்டும் வெடித்துப் பெயரும்.

தேய்த்து முடித்துத் தரை நன்கு உலர்ந்தபின் ஆங்காங்கே சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் தரை தயார். முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் பெயின்டோ, பட்டறை என்பதால் இன்ஜின் ஆயிலோ இருக்கிறது. ஆயில் ஊறிய இடத்தைக் கிரீஸ் நீக்கி கொண்டு பலமுறை கழுவிப் பார்க்கலாம். அப்படியும் போகவில்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் கொத்தி எடுத்துப் புதுக் கலவை இடுவதே மேல். ஈரத்தை அறிய, ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு முழுநாள் கழித்துப் பிரியுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரத்தடுப்பை முடித்த பிறகே டைல்ஸைப் பற்றிப் பேச வேண்டும். பசை வாங்கும்போது மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்தில் சிவப்புத் தரை. அதன் பெயின்டை எப்படி நீக்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உடைந்த ஓரம் ஒன்றைப் பாருங்கள். மேல்பூச்சின் கனம் முழுவதும் சிவப்பாகவே இருந்தால் அது பெயின்ட் அல்ல, சிமென்டிலேயே ரெட் ஆக்சைடு கலந்து இழைத்த தரை. அதில் நீக்குவதற்கு எதுவும் இல்லை. டைல்ஸ் போட்டே தீர வேண்டுமென்றால் மெழுகும் எண்ணெயும் ஏறிய வழவழப்பைத் தேய்த்தெடுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். விரிசலும் பொள்ளலும் இல்லாத சிவப்புத் தரையை மூடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது அதிகமில்லை.

கேள்வி: பெயின்ட் அடித்த மாடி அறையில், ஒன்றோடொன்று கோத்துப் போடும் பலகை வகைத் தரையை விரிக்கவும் பெயின்டை எடுக்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அவை தரையோடு ஒட்டப்படுவதில்லை, வெறுமனே மேலே கிடப்பவை. உரிந்த செதில்களைச் சுரண்டிவிட்டு, மட்டப்பலகை வைத்து மேடு பள்ளத்தைச் சரிசெய்தால் போதும். சுவரோரம் சுற்றிலும் பலகையைத் தயாரித்த நிறுவனம் சொல்லும் இடைவெளியை விட்டு, ஸ்கர்ட்டிங்கால் (சுவரடியில் பொருத்தும் பட்டை) அதை மறையுங்கள். வேலையைத் தொடங்குமுன் கதவு தடையின்றித் திறக்க இடம் இருக்குமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.