பாலிலேயே நிறைந்துவிடும் வயிறு

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 2 மாதம், எடை 11 கிலோ. தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். செல்போனில் பாட்டுப் போட்டு, வீடு முழுக்கப் பின்னால் ஓடி ஊட்டினாலும், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுக்கிறாள். பால் மட்டும் நாளைக்கு 5 டம்ளர் குடிக்கிறாள். "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வராது" என்கிறார் மாமியார். பசியெடுக்க டானிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, 11 கிலோ என்பது இந்த வயதுப் பெண் குழந்தைக்குக் கவலைப்பட வேண்டிய எடை அல்ல. பிறந்தபோது இருந்த எடையைப் போல மூன்று மடங்கை முதல் ஆண்டிலேயே எட்டிவிடும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோதான் கூடும் என்பதால், அதற்கேற்பப் பசி குறைவதும் இயல்பே.

டானிக் வேண்டாம். உங்கள் மகளுக்குப் பசி எடுக்கத்தான் செய்கிறது. அது பாலிலேயே அடங்கிவிடுகிறது. டம்ளருக்கு 150 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் 5 டம்ளரில் சுமார் 500 கலோரி சேர்ந்துவிடும். இந்த வயதில் நாள் முழுவதற்குமான தேவையே ஆயிரம் கலோரியைச் சற்றுத்தான் தாண்டும். சர்க்கரையும் சத்துப் பவுடரும் கலந்தால், சோற்றுக்கு வயிற்றில் ஏது இடம்?

மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு. பாலில் கால்சியமும் புரதமும் நிறைந்திருக்கின்றன. ஆனால், அவளுக்கு நாள்தோறும் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படும்போது, 1 லிட்டர் பாலில் 1 மில்லிகிராம்கூடக் கிடையாது; போதாக்குறைக்கு, மற்ற உணவில் இருக்கும் இரும்பையும் உடல் முழுமையாக ஏற்கவிடாமல் பால் தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது எடை அல்ல, அந்த 5 டம்ளர்தான்.

அதை ஒரே நாளில் நிறுத்தாமல், இரண்டு வாரத்தில் 2 அல்லது 3 டம்ளருக்குக் கொண்டுவாருங்கள். பல் சொத்தைக்கும் காரணமாகிற இரவுப் பாலை முதலில் நிறுத்துங்கள். காலையில் எழுந்ததும் கொடுக்கும் பாலை இட்லிக்குப் பிறகு கொடுங்கள். 3 வேளை உணவும் 2 வேளைச் சிற்றுண்டியும் போதும். இடையில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம், பிஸ்கட் உட்பட.

குழைந்த சோற்றில் பருப்பையும் ஆய்ந்து வேகவைத்த முருங்கைக்கீரையையும் நெய்விட்டுப் பிசைந்து, சிறு சிறு உருண்டைகளாக அவள் தட்டில் வையுங்கள். கூடவே 2 துண்டு கொய்யாவோ சில சொட்டு எலுமிச்சைச் சாறோ இருந்தால், கீரையின் இரும்பு நன்றாக உடலில் சேரும். வீட்டில் அசைவம் உண்டென்றால் முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றையும் பழக்குங்கள். வேர்க்கடலையை முழுதாகத் தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும், பொடித்துச் சேருங்கள்.

எதை, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். செல்போன் இல்லாமல், உங்களோடு தரையில் உட்கார்ந்து, சிந்தினாலும் தன் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். முதல் நான்கைந்து நாள் அழுவாள். "பிள்ளை பட்டினி கிடக்கிறதே" என்று வீட்டில் யாராவது பால் டம்ளரோடு வருவார்கள். அதனால் மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதிய உணவைத் துப்பினால் சில நாள் விட்டு மீண்டும் வையுங்கள். ஒரு சுவை பிடிபட பத்துத் தடவைகூட ஆகலாம்.

இதனிடையே குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். அது 11 கிராமுக்குக் குறைவாக இருந்தால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து சிரப் கொடுக்க வேண்டும். சிரப் தொடங்கியதும் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள்.