படிக்கும்போது புரிகிறது, ஹாலில் வரவில்லை

அன்புள்ள ஐயாவுக்கு,

பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எப்போதும் நல்ல மதிப்பெண். இப்போது பொறியியல் முதலாண்டு. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. ராத்திரி பன்னிரண்டு வரை ஹாஸ்டலில் உட்கார்ந்து, ஹைலைட்டர் போட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படிக்கும்போது புரிகிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு மாணவி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

ஒரு அரியரை வைத்து அப்படி முடிவுகட்டாதீர்கள். உங்கள் உழைப்பில் குறையே இல்லை, முறையைத்தான் மாற்ற வேண்டும்.

பள்ளியில் உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது எது? ராத்திரிப் படிப்பைவிட, ஆசிரியர்கள் விடாமல் வைத்த திருப்புதல் தேர்வுகள்தான் என்பேன். கல்லூரியில் ஐந்து யூனிட்டும் மளமளவென்று ஓடிவிடும், அப்படி உட்காரவைத்துத் தேர்வு எழுதவைக்க ஆளில்லை. அந்த வேலையை இனி நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 61. நீங்கள் சொல்லும் 'புரிகிறது' அந்த ஐந்து நிமிட ஞாபகம்தான். ஹைலைட்டரும் அதைத்தான் தரும்.

சரி, இன்று ராத்திரி என்ன செய்யலாம்? மேட்ரிக்ஸ் (அணிகள்) பாடத்தில் வரும் கேலி-ஹாமில்டன் தேற்றத்தில் ஒரு கணக்கை எடுங்கள். தீர்வை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் போடுங்கள். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் வரை வந்துவிடும், இன்வர்ஸ் கண்டுபிடிக்கும் இடத்தில் நின்றுபோகும். உடனே நோட்டைத் திறக்காதீர்கள், கொஞ்ச நேரம் முட்டி மோதுங்கள். அப்புறம் அந்த ஒரு படியை மட்டும் பார்த்துவிட்டு, கணக்கை முதலிலிருந்து போடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அலுப்பாக இருக்கும், படித்த திருப்தியே வராது. அதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் தமிழ் வழியில் வந்தவர்களுக்கு அந்தப் பயமும் இருக்கும். ஆங்கில வாக்கியங்களை நெட்டுரு போடாதீர்கள். அறைத்தோழிக்குத் தமிழிலேயே விளக்கிச் சொல்லுங்கள். அவர் "ஏன்?" என்று கேட்கும்போது எங்கே திணறுகிறீர்களோ, அதைத்தான் மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். விளங்கிய பிறகு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பழகுங்கள்.

பன்னிரண்டு மணிவரை விழிப்பதும் வேண்டாம். பதினொன்றுக்கே படுத்துவிடுங்கள். அரியர் பேப்பருக்கு வாரத்தில் இரண்டு மாலைகளை இப்போதே ஒதுக்கி, பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.